டியூரோடாக்சிஸ்: விறைப்புசார் நகர்வு

ஒரு கலம் தான் ஒட்டியிருக்கும் பரப்பு எந்தப் பக்கம் இளகல், எந்தப் பக்கம் விறைப்பு என்று உணர்ந்து, அதற்கேற்ப ஊர்ந்து போவதே டியூரோடாக்சிஸ். அதைத் தமிழில் 'விறைப்புசார் நகர்வு' என்று ஏன் சொல்லலாம் என்பதே இந்தக் குறிப்பு. (கலம் என்பது நம் இலங்கைப் பாடப்புத்தகச் சொல். தமிழ்நாட்டில் செல் என்பார்கள்.)

சொல்லுக்கு வயது அதிகமில்லை. 2000ஆம் ஆண்டு கல உயிரியலாளர் யூ-லி வாங்கின் ஆய்வுக்குழு வைத்த பெயர் அது. இலத்தீன் 'டூரஸ்' என்றால் கடினமானது. கிரேக்க 'டாக்சிஸ்' ஒழுங்கு, அணிவகுப்பு என்ற பொருளில் தொடங்கி, உயிரியலில் ஒரு தூண்டலை ஒட்டிய நகர்வைக் குறிக்க வந்தது.

அவர்கள் சோதித்தது பொலிஅக்ரிலமைட் என்னும் ஐதரோஜெல்லில். பெயர்தான் பெரிது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் நோன்பு திறக்க வைக்கும் கடற்பாசியும் ஓர் ஐதரோஜெல்தான்: இழைகளின் வலை, உள்ளே நிறையத் தண்ணீர். தூளைக் கூட்டிப் போட்டால் விறைப்பாக உறையும். பொலிஅக்ரிலமைட்டில் இழைகளைப் பிணைக்கும் குறுக்கிணைப்பியைக் கூட்டினால் போதும். ஒரே தகட்டில் ஒரு பாதியை இளகலாகவும் மறுபாதியை விறைப்பாகவும் செய்து கலங்களை விட்டார்கள். இளகலில் இருந்தவை எல்லையைத் தாண்டி விறைப்பான பக்கம் போயின. விறைப்பில் இருந்தவையோ எல்லைவரை வந்து, மறுகா திரும்பிவிட்டன.

கண்ணில்லாத கலத்துக்கு இது எப்படித் தெரிகிறது? இழுத்துப் பார்க்கிறது. இன்டெக்ரின் என்ற புரதங்களால் பரப்பைப் பற்றிக்கொள்ள, உள்ளே மயோசின் என்ற இன்னொரு புரதம் அக்டின் என்ற புரத இழைகளை இழுக்கிறது. பரப்பு இணங்கி வந்தால் பிடி தளர்கிறது. எதிர்த்து நின்றால் இழுவிசை ஏறிப் பிடி உறுதியாகிறது.

ஆகவே கலம் அளப்பது கடினத்தை அல்ல. கடினம் என்றால் கீறலைத் தாங்குவது. உருமாற மறுப்பது வேறு குணம். உயர்தர பௌதிகத்தில் யங்கின் மட்டு அளப்பது அதைத்தான். அதற்கு 'விறைப்பு' சரியாகப் பொருந்துகிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் விறைப்பதும் இதே சொல்லால்தான் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும், இதைவிட நல்ல சொல் நம்மிடம் இல்லை.

அடுத்தது 'டாக்சிஸ்'. செடி ஒளிப்பக்கம் வளையும் ஒளித்திருப்பம் போல 'விறைப்புத்திருப்பம்' என்றால் தவறு. செடி நின்ற இடத்தில் வளைகிறது, கலம் இடம் பெயர்கிறது. 'விறைப்பு நாட்டம்' காதுக்கு அழகு, ஆனால் 2022இல் வெளியான ஆய்வில் சில மூளைப் புற்றுக் கலங்கள் எதிர்த்திசையில், இளகலை நோக்கிப் போயின. நாடாததை நாட்டம் என்று எப்படிச் சொல்வது? 'விறைப்புசார் நகர்வு' இரு திசைக்கும் இடம் கொடுக்கிறது. கொஞ்சம் வறட்சிதான், பரவாயில்லை.

ஒரே பரப்பு நேரத்தோடு மாறும்போது கலம் காட்டும் எதிர்வினைக்கு இந்தப் பெயரைப் போடக்கூடாது. ஒளி பட்டதும் இளகும் ஜெல்கள் உண்டு. அவற்றில் மூலக்கலங்களை (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடியவை) நீண்ட நாள் விறைப்பில் வளர்த்துவிட்டு இளக்கினாலும், அவை எலும்புக் கலமாகும் போக்கை விடுவதில்லை என்று 2014இல் காட்டினார்கள். அதற்குப் பெயர் பொறிமுறை நினைவு.