பாம்புக்கடி: குழந்தைக்குப் பாதி மருந்து போதாது

"சின்னக் குழந்தை டாக்டர், இத்தனை குப்பி மருந்தைத் தாங்குமா?" பாம்பு கடித்த குழந்தைக்கு நஞ்சுமுறி மருந்து ஏற்றத் தொடங்கும்போது பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது இதுதான். காய்ச்சல் மருந்தையே எடை பார்த்துக் கொடுக்கிறோம், பயம் வரத்தான் செய்யும். ஆனால் பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லை. பெரியவர் உடம்பில் இறங்கும் அளவு நஞ்சு பத்துக் கிலோ குழந்தையின் உடம்பிலும் இறங்கலாம். சின்ன உடம்பு என்பதால் பாதிப்பும் வேகமாக ஏறும். மருந்து முறிக்க வேண்டியது அந்த நஞ்சை. அதனால் பெரியவருக்கு உள்ள அளவேதான் குழந்தைக்கும். கலந்து ஏற்றும் சலைனை மட்டும் எடைக்கேற்பக் குறைப்போம்.

குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராகும் மருந்து என்பதால் ஒவ்வாமை வரலாம். அதற்காக அட்ரினலினைக் கையருகில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். கடித்த எல்லோருக்கும் இந்த மருந்து தேவைப்படாது; நஞ்சு ஏறியதற்கான அறிகுறி தெரிந்தால்தான் கொடுப்போம். ஒன்றும் தெரியாவிட்டாலும் குழந்தையை 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். "நல்லாத்தானே விளையாடுறான்" என்று தயவுசெய்து அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவுமே வேண்டாம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கட்டுவிரியன்தான். தரையில் தூங்கும் குழந்தையை இரவில் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழும் குழந்தைக்குச் செரிமானக் கோளாறு என்று நினைத்துவிடுவோம். அப்புறம் இமை தொங்கும், தூக்கக் கலக்கம் போலத் தோன்றும். எச்சில் விழுங்க முடியாமல் வழியும், பேச்சு குழறும். அடுத்து மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இமை தொங்கும்போதே கொண்டுவந்துவிட்டால் செயற்கைச் சுவாசம் கொடுக்க நேரம் இருக்கிறது.

வென்டிலேட்டரில் அசைவில்லாமல், கண்ணைக்கூடத் திறக்காமல் கிடக்கும் குழந்தையைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் உடைந்துபோவார்கள். ஆனால் தசைதான் முடங்கியிருக்கிறது. உள்ளே நினைவு இருக்கலாம், காதும் கேட்கலாம். அதனால் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசச் சொல்வோம்.