பதினாறில் ஒரு அடி

அதற்கு நான் வைத்த பெயர் சிட்டு. மிருகங்களைப் பிடித்து மோதவிடும் போக்கிமான் எமரால்டு வீடியோ ஆட்டத்தில் தொடக்கத்திலேயே பிடித்த டெய்லோ, அதாவது தகைவிலான் மாதிரி ஒரு குட்டிப் பறவை. கிரானைட் குகைக்குள் மகுஹிட்டா என்ற இன்னொரு போக்கிமான் குறுக்கே வந்தது. சிட்டின் உயிர்ப்பட்டை பாதிக்குச் சற்றுக் கீழே இருந்தது. மகுஹிட்டாவின் ஓர் அடி கால் பங்கைத்தான் தின்னும், இன்னும் ஒரு சுற்று தாங்கும் என்று கணக்குப் போட்டேன். விழுந்தது கிரிட்டிகல் அடி. சேதம் இரண்டு மடங்கு. சிட்டு போய்விட்டது.

வழக்கமான ஆட்டம் என்றால் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பக்கத்து ஊர் போக்கிமான் மையத்துக்குப் போனால் இலவச வைத்தியம், ஒரு சின்ன இசை, சிட்டு பழையபடி பறக்கும். ஆனால் நான் ஆடிக்கொண்டிருந்தது நஸ்லாக் விதிப்படி. அதில் விழுந்தது விழுந்ததுதான். கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் அந்தத் தலைமுறை ஆட்டங்களில், பெட்டியில் சேமித்து வைத்த ஒரு போக்கிமானின் மொத்த எடை 80 பைட். இந்தப் பத்தியில் பாதியைக்கூட அதில் எழுத முடியாது.

80 பைட்டுக்கு ஏன் இவ்வளவு துக்கம்? பதில் தேடிப் போனால், கொஞ்சம் நிகழ்தகவு, கொஞ்சம் மனவியல், 1980-இல் இரண்டு மாணவர்கள் செய்த ஒரு வேலை என்று மூன்று இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மாணவர்கள். கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் இருவரும் எழுதிய ஆட்டம் ரோக். பிறகு பெர்க்லியில் கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். திரையில் படம் கிடையாது, எழுத்துகள் மட்டும்தான். '@' என்றால் நீங்கள், பெரிய எழுத்துகள் எல்லாம் அரக்கர்கள். ஒவ்வொரு தளத்தையும் மூன்றுக்கு மூன்றாகக் கட்டம் பிரித்து, கட்டத்துக்கு ஓர் அறை போட்டு, இடையில் வழி இழுத்துக் கணினியே புதிதாக வரைந்துவிடும். எழுதியவர்களே ஆடினாலும் அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. செத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தச் சாவை அவர்கள் செய்த விதம் மிக எளிது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சேமிக்கலாம். மறுபடி திறந்ததும் அந்தச் சேமிப்புக் கோப்பை நிரல் அழித்துவிடும். இனி நீங்கள் செத்தால் திரும்பிப் போக இடம் இல்லை. நிரந்தர மரணம், ஆட்டக்காரர்கள் பேச்சில் பெர்மாடெத், தொழில்நுட்பமாகப் பார்த்தால் இவ்வளவுதான்: ஒரு கோப்பை அழிப்பது. கோப்பை முன்கூட்டியே நகல் எடுத்து வைத்து ஏமாற்றியவர்களும் அன்றே இருந்தார்கள். மனிதர்கள்தானே.

ரோக்கின் வழியில் வந்த ஆட்டங்களை ரோக்லைக் என்கிறார்கள். 1987-இல் வெளிவந்த நெட்ஹேக் அவற்றில் ஒன்று. அதில் நீங்கள் தனியாக இல்லை. பெரும்பாலும் ஒரு குட்டிப் பூனையோ நாய்க்குட்டியோ கூடவே வரும். சபிக்கப்பட்ட பொருள் தரையில் கிடந்தால் அந்தப் பிராணி அதை மிதிக்கத் தயங்கும். மிதித்தாலும் மனமில்லாமல் மிதித்ததாகத் திரையில் செய்தி வரும். அதனால் பழகிய ஆட்டக்காரர்கள் கிடைத்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டு நாய் எதைத் தாண்டுகிறது என்று கவனிப்பார்கள். அந்த நாயும் சாகும், அதற்கும் மறுபிறவிக்கு உத்தரவாதம் இல்லை. உயிரினம், துணை, நிரந்தர இழப்பு மூன்றும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்துவிட்டன. சேகரிப்பு மட்டும்தான் பாக்கி.

சேகரிப்பு ஜப்பானிலிருந்து வந்தது. டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி, அந்த ஆசையைக் கையடக்கக் கருவிக்குள் கொண்டுவந்ததுதான் 1996-இல் வெளியான போக்கிமான். தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் பொன்வண்டு சில நாளில் செத்துப்போகும், போக்கிமான் மயங்கித்தான் விழும். அந்தக் கருணையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று 2010-இல் நிக் பிராங்கோ என்ற அமெரிக்கர் தனக்குத்தானே இரண்டு விதி போட்டுக்கொண்டு போக்கிமான் ரூபி ஆட்டத்தை ஆடினார். மயங்கி விழுந்தால் அது செத்ததாகக் கணக்கு. ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் ஒன்றை மட்டுமே பிடிக்கலாம், அது தப்பினால் அந்தப் பகுதியில் வேறு எதுவும் கிடையாது. நடந்ததை அவர் சித்திரக்கதையாக வரைந்து போட்டார். அதில் வந்த நஸ்லீஃப் என்ற பாத்திரத்தாலேயே இந்த ஆட்டமுறைக்கு நஸ்லாக் என்று பெயர் வந்தது. பிடித்த ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்பதும் விதிகளோடு ஒட்டிக்கொண்டது.

ஆட்டத்தின் நிரலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ரோக் கோப்பையாவது அழித்தது, இங்கே அதுவும் இல்லை. ஆடுபவருக்கும் அவர் மனசாட்சிக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். அதிலேயே ஆட்டம் தலைகீழாக மாறிவிடுகிறது. எப்படி என்று பார்க்க, உள்ளே உருளும் தாயக்கட்டையைப் பார்க்க வேண்டும்.

கணினியால் உண்மையில் தாயம் போட முடியாது. ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணைச் செய்யும் சூத்திரம்தான் அதனிடம் இருக்கிறது. ரூபி, எமரால்டு தலைமுறையில் அந்தச் சூத்திரம் இது: கையில் இருக்கும் எண்ணை 1103515245-ஆல் பெருக்கு, 24691-ஐக் கூட்டு, வரும் விடையில் கடைசி 32 பிட்களை (0, 1 இலக்கங்களை) மட்டும் வைத்துக்கொள். அதன் மேல்பாதி 16 பிட்கள்தான் நமக்குக் கிடைக்கும் பகடை எண். இப்படியே போனால் 429 கோடிக்கு மேல், துல்லியமாக 4294967296 எண்கள் வந்த பிறகுதான் வரிசை திரும்ப ஆரம்பிக்கும். ஊருக்குள் சும்மா நடக்கும்போதும் திரையின் ஒவ்வொரு சட்டகத்துக்கும், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 60 முறை, இந்தச் சூத்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தில் ஒரு சுற்று முடிய இரண்டேகால் வருடம் பிடிக்கும்.

வரிசை முன்பே முடிவானது என்றால் அதிர்ஷ்டம் எங்கிருந்து வருகிறது? உங்கள் விரலிலிருந்து. பொத்தானை அறுபதில் ஒரு நொடி முன்னால் அழுத்தினால் ஒரு எண், பின்னால் அழுத்தினால் வேறு எண். மூக்கைச் சொறிந்துவிட்டு அழுத்தினீர்கள் என்றால் அந்தச் சொறிதல்தான் பகடையை உருட்டியது. எமரால்டில் இன்னொரு கூத்தும் உண்டு. ஒவ்வொரு முறை கருவியை இயக்கும்போதும் வரிசை பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கும். நேரத்தைத் துல்லியமாக அளந்து பொத்தானை அழுத்தி, வேண்டிய மிருகத்தை வேண்டிய குணத்தோடு வரவழைக்கும் கில்லாடிகள் இதனால் உருவானார்கள். நஸ்லாக் ஆடுபவர்கள் அதைச் செய்வதில்லை. செய்தால் பிறகு எதற்கு ஆடுவது?

சரி, பிடிப்பதற்கு வருவோம். ஒவ்வொரு இனத்துக்கும் 3 முதல் 255 வரை ஒரு பிடிவிகிதம் உண்டு. பந்தை எறிந்துதான் பிடிக்க வேண்டும். சாதாரணப் பந்து என்றால், எதிரி முழு உயிரோடு இருக்கும்போது அந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் வரும். உயிர் குறையக் குறைய அது முழு எண்ணை நெருங்கும். தூங்கினால் இரண்டு மடங்கு, விஷமோ முடக்கமோ பட்டிருந்தால் ஒன்றரை மடங்கு. கடைசியாக வரும் எண்ணை 255-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட உங்கள் வாய்ப்பு. டெய்லோவின் விகிதம் 200. முழு உயிரோடு இருந்தால் நான்கில் ஒரு வாய்ப்பு, சாகும் தறுவாயில் முக்கால், அதோடு தூக்கமும் சேர்ந்தால் நிச்சயம். பந்து தரையில் ஆடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்குவோமே, அதனால் ஒரு பயனும் இல்லை. பிடிபட்டதா என்று ஆட்டம் நடத்தும் நான்கு சோதனைகளும் பந்து ஆடத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. நாம் பார்ப்பது தீர்ப்பு வாசிக்கப்படுவதை.

சாதாரண ஆட்டத்தில் இந்தச் சூத்திரம் யாருக்கும் தேவைப்படாது. தப்பினால் புல்லுக்குள் நாலு எட்டு நடந்தால் இன்னொன்று வரும். ஆனால் முதல் சந்திப்பு மட்டும் என்ற விதி வந்தவுடன் ஒவ்வொரு அடியும் தர்மசங்கடம் ஆகிவிடுகிறது. பலவீனப்படுத்தாமல் பந்து எறிந்தால் வாய்ப்புக் குறைவு. அடித்தால் கிரிட்டிகல் விழுந்து அதுவே செத்துப்போகலாம். அந்தத் தலைமுறையில் சாதாரண அடி கிரிட்டிகல் ஆகும் வாய்ப்பு 16-ல் 1. கிரிட்டிகல் போக, ஒவ்வொரு அடியின் சேதமும் 85 முதல் 100 சதவீதம் வரையிலான 16 படிகளில் ஏதோ ஒன்றாக இருக்கும்.

நிரந்தர மரணத்தின் நிஜமான கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு சண்டையில் சாகும் ஆபத்து வெறும் 1 சதவீதம் என்று வையுங்கள். யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் 100 சண்டைகளையும் தாண்ட, 0.99-ஐ 100 முறை பெருக்க வேண்டும். விடை 0.37. மூன்றில் இரண்டு பேர் வழியிலேயே போய்விடுவார்கள். ஆபத்தை 3 சதவீதமாக உயர்த்தினால் நூறில் ஐந்து பேர்கூட மிஞ்ச மாட்டார்கள். 0.1 சதவீதமாகக் குறைத்தால் 90 பேர் தப்பிக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத அந்த 1 சதவீதத்துக்கும் 0.1 சதவீதத்துக்கும் நடுவில்தான் இந்த ஆட்டத்தின் மொத்தத் திறமையும் இருக்கிறது.

அதனால் ஆடும் முறையே மாறுகிறது. குணமாகிவிடும் உலகில் சராசரியை நம்பலாம். சராசரியாக எதிரி கால் பங்கு அடிப்பான், நான் மூன்றாவது சுற்றில் ஜெயிப்பேன், போதும். திரும்ப முடியாத உலகில் சராசரி உதவாது, உச்சம்தான் பேசும். எதிரியின் மிகப் பெரிய அடி, அது கிரிட்டிகலும் ஆனால் எவ்வளவு? அதைத் தாங்க முடியாவிட்டால் இப்போதே வேறு போக்கிமானை மாற்று. கிரிட்டிகலும் உச்சச் சேதமும் சேர்ந்து வருவது 256-ல் ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்காக மீதி 255 தடவையும் சுற்றி வளைத்து ஆடுவார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் அணை கட்டுபவர்களும் யோசிக்கும் விதம் இது. நான் சிட்டை இழந்தது சராசரியை நம்பி.

இந்தக் கணக்கில் ஒரு நச்சுச் சுழலும் இருக்கிறது. ஒன்று செத்தால் அணி பலவீனமாகும், பலவீனமான அணியில் அடுத்தது செத்துப்போக வாய்ப்பு அதிகம். ஒரே மோசமான சண்டையில் நான்கு பேரை இழந்தவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தையே கைவிடுகிறார்கள். புதுப் பகுதி வரும்போதெல்லாம் ஒரு புது ஆள் சேரலாம் என்பதுதான் இந்தச் சுழலுக்குத் தடை. 2024-இல் உலாவியிலேயே ஆடும்படி ரசிகர்கள் செய்த போக்கிரோக் வேறு வழி பிடித்தது. அதில் விழுந்த மிருகத்தை எழுப்பலாம், ஆனால் அணி மொத்தமும் விழுந்தால் 200 கட்டப் பயணம் அங்கேயே முடிந்தது. பிடித்த இனங்கள் மட்டும் அடுத்த பயணத்தின் தொடக்க அணிக்குக் கிடைக்கும். சாவது பயணம், மிருகம் அல்ல. அருமையான ஆட்டம்தான், நேரம் போவதே தெரியாது. ஆனால் அதில் எனக்குத் துக்கம் வந்ததில்லை.

துக்கத்துக்கு உரிமை வேண்டும் போல. 1990-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு காபிக் குவளையைக் கொடுத்தார்கள். விற்கச் சொன்னபோது அவர்கள் கேட்ட விலை, குவளை இல்லாதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த குவளைக்கே இப்படி. நஸ்லாக் விதி அதற்கு மேலே போகிறது. தேர்ந்தெடுக்க விடாமல் எதையோ தலையில் கட்டுகிறது, பெயர் வைக்கச் சொல்கிறது, அதை நம்பியே பிழைக்கச் சொல்கிறது. அந்தத் தலைமுறையின் 386 இனங்களில் டெய்லோவைத் தேடிப் போய்ப் பிடித்திருக்கவே மாட்டேன். வேறு வழியில்லாமல் பழகியதுதான்.

அடுத்த முறை அதே கிரானைட் குகையில் முதலில் எதிர்ப்பட்டது ஓர் ஆப்ரா. பத்தில் ஒரு தடவைதான் அங்கே வரும். தெரிந்த ஒரே வித்தை டெலிபோர்ட், தன் முறை வந்ததும் மறைந்துவிடும். எனவே அடிக்க நேரமில்லை, ஒரே பந்து, 26 சதவீதம். எறிந்தேன். பொத்தானை அமுக்குவதால் பயனில்லை என்று தெரிந்தும் அமுக்கினேன். பந்து மூன்று முறை ஆடி நின்றது.

பெயர் வைக்கத்தான் அரை மணி நேரம் ஆனது.