ஆர்டர் பேப்பரின் பின்பக்கம்

ஐ.டி.ஐ.யில் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் எனக்கு, கேம்பஸ் இன்டர்வியூ முடிந்த பிறகுதான் நிஜமான வேலை. ஆர்டர் வாங்கியவர்களில் யார் போய்ச் சேரவில்லை என்று போன் போட்டுப் பார்ப்பது.

அப்படிச் சேராமல் போனவள் ஒரு பெண். எலக்ட்ரீஷியன் டிரேடு, நல்ல கை. தருமபுரி பக்கம் கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ், அதாவது வேலை செய்தபடியே தொழில் பழகும் பயிற்சி, மாதம் 7,000. அவளுடைய அப்பாவை வரச்சொன்னேன். ஆர்டர் பேப்பரின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டே கொண்டுவந்திருந்தார். வாடகைப் பங்கு 2,500, சாப்பாடு 3,000, பஸ், போன். ரூம் அட்வான்ஸ் 10,000 என்பதை மட்டும் சுற்றி இரண்டு வட்டம்.

"சம்பளம் அடுத்த மாசம்தானே சார் வரும்? அதுக்கு முந்தி வட்டிக்கு வாங்கச் சொல்றீங்களா?"

என்ன சொல்வது?

எங்களிடம் படித்தபோது அவளுக்கு மாதம் 750 உதவித்தொகை வந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 வந்தது. பஸ் பாஸ் இலவசம். படிப்பு முடிந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. செலவு ஆரம்பிப்பதே அப்போதுதான். இன்னொரு பக்கம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து வருடம் காத்திருந்தால் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பட்டதாரிக்கு 600 தருகிறது அரசு. அதற்கும் குடும்ப வருமான வரம்பு உண்டு.

2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 29 வயதுக்குள் வேலையின்மை 10.2 சதவீதம். உடனே எல்லாரும் திறன் பயிற்சி என்கிறார்கள். எங்கள் பிழைப்பே அதுதான், வேண்டாம் என்பேனா? ஆனால் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். அப்ரண்டிஸ்களுக்குக் கம்பெனி தரும் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு, மாதம் 1,500 வரை, 2023 முதல் நேராகப் பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கே போகிறது. அதே வழியில், சேரும் அன்றைக்கே அட்வான்ஸுக்கு ஒரு தொகையைப் போட்டுவிட்டு, பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசு நடத்தும் தோழி விடுதிகளைச் சிப்காட் தொழிற்பேட்டை வாசல்களிலும் கட்டலாம். பையன்களுக்கும்தான், ஒரே ரூமில் ஏழெட்டுப் பேர் படுப்பதைப் போய்ப் பார்த்தவன் நான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'டிரெய்னி' என்று வாய்மொழியாக எடுத்தால் சம்மதிக்காதீர்கள். அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால்தான் கடைசியில் பரீட்சை எழுதி தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்க முடியும். ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு அங்கே லெவல் 1 என்ற கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு.

அந்தப் பெண் இப்போது ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். மாதம் 5,000. மோட்டார் காயில் கட்டத் தெரிந்த கை.