பட்டன் அப்படியே இருக்கிறது, டயர்தான் செத்துவிட்டது

பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் டயர் பற்றிக் கேட்க வந்தால் முதலில் விரலைப் பட்டனுக்குள், அதாவது தரையைத் தொடும் பகுதியின் பள்ளத்துக்குள், விட்டுக் காட்டுவார்கள். "பாருங்கண்ணா, எவ்வளவு ஆழம் இருக்கு!" தினமும் ஓடுகிற காருக்கு இந்தக் கணக்கு சரி, அதில் ரப்பர் கெடுவதற்கு முன்னால் பட்டன் தேய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற காரில் நடப்பது வேறு. 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் குறியை அது தொடவே தொடாது, அதற்குள் ரப்பர் காய்ந்து இறுகிப்போய்விடும்.

டயர் ரப்பரில் மெழுகும், ஓசோன் அரிப்பைத் தடுக்கிற ரசாயனமும் கலந்திருப்பார்கள். வண்டி ஓடும்போது டயர் மடங்கி நிமிர்வதால்தான் அவை மெல்ல வெளியே வந்து மேல்தோலைக் காக்கின்றன. நின்றுகொண்டே இருக்கிற காரில் அந்த வேலை சரியாக நடக்காது. அப்புறம் நம்ம சேலம் வெயில், அதில் தகர ஷெட், பக்கத்திலேயே ஜெனரேட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். மின் மோட்டாரும் ஜெனரேட்டரும் ஓசோனை உண்டாக்கக்கூடியவை, டயரை அவற்றுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. பளபளப்புக்காகப் பெட்ரோலிய பாலிஷ் பூசுகிறவர்கள் இருக்கிற கொஞ்சநஞ்சப் பாதுகாப்பையும் கழுவிவிடுகிறார்கள்.

அதனால் பட்டனைப் பார்ப்பதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரான சைடு வாலில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் அது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். முழு வரிசையும் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், அந்தப் பக்கம் காரின் உள்பக்கமாக மாட்டியிருந்தால் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும், சோம்பல்படாதீர்கள். மூன்று எண்தான் இருக்கிறது என்றால் அந்த டயர் 2000க்கு முந்தியது.

மூன்று எண் டயரையெல்லாம் இன்னுமா வைத்திருப்பார்கள் என்று நினைக்கலாம். புனேயில் 1995இலிருந்து அசெம்பிள் செய்த டபிள்யூ124 வகை பென்ஸ், ஈ220 மாடல் ஒன்று ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வந்தது. நாலு டயரும் மாற்ற வேண்டும் என்றேன். "மூணு போதுங்க, ஸ்டெப்னி புத்தம் புதுசு" என்றார் ஓட்டி வந்தவர். டிக்கியைத் திறந்து எடுத்தால் உண்மையிலேயே தரையைத் தொடாத டயர், வார்ப்பில் வரும் ரப்பர் முடிகள்கூட உதிராமல் நின்றன. எண் 127, பக்கத்தில் சின்ன முக்கோணம், அதாவது 1997ஆம் ஆண்டின் 12வது வாரம். சைடு வாலைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்ததும் பட்டனின் அடியில் வட்டமாக ஒரு வெடிப்பு வாய் திறந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, ஐந்தும் மாற்றிக்கொண்டு போனார்.

டயர் கம்பெனிகள் பலவும் சொல்வது, ஐந்து வருஷம் ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை, பத்து ஆனால் எப்படி இருந்தாலும் மாற்று. மலை ஏறி இறங்குகிற கார் என்றால் நான் பத்து வரை விடமாட்டேன், ஆறேழிலேயே மாற்றச் சொல்வேன். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகத்தானே போகிறோம் என்பார்கள். இறுகிய ரப்பர் மழை ஈரத்தில் பிரேக் அழுத்தும்போது தரையைப் பிடிக்காது, அது மலைக்கான ஆபத்து. பட்டன் பட்டையாக உரிகிற ஆபத்து பெரும்பாலும் சூட்டிலும் வேகத்திலும் வருவது, அது தொப்பூர் தாண்டி பெங்களூர் ரோட்டில் நூறைத் தொடும்போது காத்திருக்கிறது.

சரி, எந்த அளவு வாங்குவது? கம்பெனி கொடுத்த அளவு, அவ்வளவுதான். டபிள்யூ124க்கு 195/65 ஆர்15, அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச். இது இன்றும் எளிதாகக் கிடைக்கிற அளவு என்பதால் அந்தக் காரின் உரிமையாளர்கள் கொடுத்து வைத்தவர்கள். சிக்கல் அதற்கு முந்தின டபிள்யூ123இல்தான். 240டி மாதிரி டீசல் கார்களில் புத்தகத்தில் 175 எஸ்ஆர் 14 என்று மட்டும் இருக்கும், சாய்வுக்கோடு போட்ட எண் இருக்காது. அந்தக் காலத்து ரேடியலில் அப்படி இருந்தால் பக்க உயரம் அகலத்தில் ஏறக்குறைய 82 சதவீதம் என்று பொருள். இது தெரியாமல் 'பதினாலு இஞ்சுதானே' என்று 185/70 மாட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 28 மில்லிமீட்டர் குறைகிறது. வண்டி தாழும், ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும், நெடுஞ்சாலையில் இன்ஜின் தேவையில்லாமல் அதிகம் சுற்றும். இன்னொரு குறுக்கு வழி, வேனுக்கான 'சி' டயரை மாட்டுவது. சுமை தாங்கும், மறுக்கவில்லை, ஆனால் அதன் விறைப்பான சைடு வால் அந்த சஸ்பென்ஷனின் மெத்தென்ற ஓட்டத்தையே கொன்றுவிடும். அதற்கு எதற்கு பென்ஸ்?

டபிள்யூ124க்குப் பதினேழு இஞ்ச் அலாய் வீல் கேட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். 225/45 போட்டால் விட்டம் கணக்குப்படி ஒத்துவரும், ஆனால் சைடு வால் 127 மில்லிமீட்டரிலிருந்து 101க்கு இறங்குகிறது. குழியில் விழும் அடி ரிம்முக்கும் சஸ்பென்ஷனின் பழைய ரப்பர் புஷ்களுக்கும் நேராகப் போகும். அகலமான டயர் வீல் ஆர்ச்சில் உரசுகிறதா என்பது சமதளத்தில் தெரியாது, ஆள், சாமான் ஏற்றி ஒரு வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் சத்தம் கேட்கும்.

வேக எழுத்தையும் குறைக்காதீர்கள். டபிள்யூ123இன் பெட்ரோல் காரான 280ஈக்கு 195/70 எச்ஆர் 14 என்றால் எச், அதாவது மணிக்கு 210. "நான் அறுபதுக்கு மேல போறதே இல்ல" என்பது பதில் ஆகாது. அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் கட்டமைப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சுமை எண்ணும் அப்படித்தான், 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ. ஒரே காரில், குறுக்கு இழை கட்டிய பழைய பாணி நைலான் டயரையும் ரேடியலையும் கலந்து மாட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், வளைவில் முன்னும் பின்னும் வெவ்வேறு விதமாக இழுக்கும்.

பழைய தோற்றத்திலேயே வேண்டும் என்கிறவர்களுக்கு மிஷ்லின் எக்ஸ்டபிள்யூஎக்ஸ், பிரெல்லி சிந்துராட்டோ போன்றவற்றை இன்றும் வெளிநாட்டில் செய்கிறார்கள். விலை கடுமை. 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் போனதும் ஒரு தடை. யாராவது 'என்கிட்ட ஸ்டாக் இருக்கு' என்றால் பணம் கொடுப்பதற்கு முன்னால் தேதி எண்ணைப் புகைப்படமாகக் கேளுங்கள். கட்டுப்பிரிக்காத பழைய டயரும் பழைய டயர்தான். பேர்போன கம்பெனியின் எட்டு வருஷத்து டயரைவிட நம்ம ஊரில் செய்து, சரியான அளவில், ஐஎஸ்ஐ முத்திரையோடு போன மாதம் வந்த டயரைத்தான் என் சொந்தக் காருக்கு மாட்டுவேன்.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியது அதிகம் இல்லை. காற்றைக் காலையில் கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். மேலே போனால் குளிரில் அழுத்தம் இறங்குமே என்று கேட்பார்கள். குளிர் கொஞ்சம் குறைக்கும், உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஏறக்குறைய சரிக்குச் சரி. நாள்கணக்கில் நிறுத்தினால் சற்று அதிகமாக அடித்துவிட்டு அவ்வப்போது நாலடி முன்னே பின்னே நகர்த்துங்கள். கழற்றிய பழைய டயரை "யாராவது மாட்டு வண்டிக்குக் கேப்பாங்க" என்று கடையில் விட்டுப் போகாமல், சைடு வாலைக் கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். வெட்டாத டயர் பாலிஷ் பூசிக்கொண்டு இன்னொருவர் காருக்குப் போய்ச் சேரும்.