இன்ஜின் மாற்றிய வண்டி ஆஃப் ஆகிறதா? ஐடில் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்

மறுபடியும் ஒரு ஆல்டோ, கயிறு கட்டி இழுத்து வரப்பட்டிருக்கிறது. செகண்ட்ஸ் இன்ஜின் ஏற்றிப் பத்து நாள்தான் ஆகிறது. சிக்னலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப், ஏசி போட்டால் ஆஃப். அதற்குள் ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றியாகிவிட்டது, மூன்று ஸ்பார்க் பிளக்கும் மாற்றியாகிவிட்டது, பெட்ரோல் பம்பும் புதுசு. இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் கம்பெனி வைத்த பெயிண்ட் முத்திரை உடைந்து, ஸ்க்ரூ இரண்டு சுற்று உள்ளே போயிருக்கிறது. கோளாறு என்னவென்றால், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை. இறக்கும்போது கழற்றியவர்கள் ஏற்றும்போது மாட்டவில்லை. ஒரு முனை கியர்பாக்ஸ் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்ட ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும்.

இந்த மாதிரி வண்டிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இறக்குவதற்கு முன் ஓடிய வண்டி, ஏற்றிய பிறகு நிற்கிறது என்றால், கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கை படாத ஈசிஎம் எப்படி அதே நாளில் போகும்?

அந்த ஸ்க்ரூவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கார்பரேட்டர் வண்டியில் ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், குறைந்தால் ஸ்க்ரூவை ஏற்றுவது சரியான வேலை. அது அதற்காகவே வைத்தது. இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்க்ரூ அதற்கானது அல்ல. த்ராட்டில் தட்டு முழுக்க மூடி ஓட்டைச் சுவரில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க வைத்த முட்டுக்கட்டை, அவ்வளவுதான். ஐடிலைப் பார்த்துக்கொள்வது ஈசிஎம். தட்டைச் சுற்றிக்கொண்டு போகும் காற்றை ஐஏசி வால்வு மூலம் கூட்டியும் குறைத்தும், சூடான இன்ஜினில் 750 முதல் 850 ஆர்பிஎம்முக்குள் அது பிடித்து வைக்கிறது. ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும்.

நீங்கள் ஸ்க்ரூவை ஏற்றும்போது என்ன நடக்கிறது? த்ராட்டில் தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டிபிஎஸ் சென்சார், தட்டு மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்க்ரூ ஏறினால் அது 0.7, 0.8 ஆகிறது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார் என்று ஈசிஎம் எடுத்துக்கொண்டு, ஐடிலைப் பிடிப்பதையே விட்டுவிடுகிறது. சில ஈசிஎம்கள் இந்தப் புது வோல்ட்டையே மூடிய நிலை என்று கற்றுக்கொள்ளும். அப்போது கூடுதலாக வரும் காற்றைச் சமாளிக்க ஐஏசி வால்வைக் கிட்டத்தட்ட முழுக்க மூடிவிடும். எப்படிப் போனாலும் முடிவு ஒன்று: ஷெட்டில் நிற்கும்போது ஐடில் அருமையாக இருக்கும், ரோட்டில் லோடு மாறும்போது தாங்க ஆள் இருக்காது. கிளட்சை மிதித்ததும் ஆர்பிஎம் சரிந்து, வண்டி அணைந்துவிடும். உண்மையான கோளாறு அப்படியே இருக்க, அதன் மேல் இன்னொரு கோளாறையும் ஏற்றி அனுப்புகிறீர்கள். யாராவது ஏற்கெனவே திருப்பியிருந்தால், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, டிபிஎஸ் வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தட்டின் ஓரத்தைக்கூட விரலால் தள்ளாதீர்கள். ஸ்கேனரில் த்ராட்டில் ரீலேர்ன் செய்து, மூடிய நிலையை ஈசிஎம்முக்கு மறுபடி கற்றுக்கொடுங்கள்.

இன்னொன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. இன்ஜின் வேலைக்காக பேட்டரியை நாள்கணக்கில் கழற்றி வைத்திருப்பீர்கள். ஈசிஎம் கற்று வைத்திருந்த ஐடில் கணக்கு அழிந்திருக்கும். முதல் ஸ்டார்ட்டில் ஆர்பிஎம் தடுமாறுவது இயல்பு. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஏசி இல்லாமல் பத்து நிமிடம், பிறகு ஏசியோடு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். இந்தப் பதினைந்து நிமிடம் பொறுக்காமல்தான் பலர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார்கள்.

சரி, எங்கே பார்ப்பது? வண்டி எப்போது, எப்படி அணைகிறது என்பதை ஓட்டுகிறவரிடம் கேட்டாலே பாதி வேலை முடியும்.

ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு வினாடியில் அணைந்தால், முதலில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) விளக்கைப் பாருங்கள். இன்ஜினோடு வந்த ஈசிஎம்மை மாட்டியிருந்தால் அதற்கு உங்கள் சாவி யாரென்று தெரியாது. அதே மாடல் இன்ஜின் என்றால் வண்டியின் சொந்த ஈசிஎம்மையே வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்-3 புகை விதிக்கான வண்டியில் பிஎஸ்-4 இன்ஜின் ஏற்றுவதாக இருந்தால் ஆக்ஸிஜன் சென்சார், த்ராட்டில், வயரிங் எல்லாமே வேறுபடலாம். ஒன்று, பழைய இன்ஜினின் சென்சார்களையும் மேனிஃபோல்டையும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) புதிதில் மாற்றிப் போட வேண்டும். அல்லது, ஈசிஎம், இம்மொபிலைசர், சாவி, வயரிங் முழுவதையும் ஒரே செட்டாக எடுக்க வேண்டும். பாதி இதிலும் பாதி அதிலும் எடுத்தால் வண்டி ஓடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அணைந்தால், ஸ்கேனரில் லைவ் டேட்டா போட்டு ஆர்பிஎம்மைக் கவனியுங்கள். இன்ஜின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் இன்ஜின் சுழல்வதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சிக்னல் அறுந்திருக்கிறது: சென்சார், அதன் கனெக்டர், வயர், அல்லது பல்சக்கரத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி. 600, 400, 200 என்று படிப்படியாக இறங்கி அணைந்தால் காற்று அல்லது பெட்ரோல் பக்கம் போங்கள். சூடானால் மட்டும் அணைந்து, அரைமணி ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால், செகண்ட்ஸ் இன்ஜினோடு வந்த கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். ஹேர் டிரையரால் அதைச் சூடாக்கினாலே குட்டு வெளிப்படும்.

எர்த்தை மீட்டர் இல்லாமல் சரி என்று சொல்லாதீர்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் டெர்மினலிலும் சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 0.5 தாண்டினால் எர்த் இல்லை என்றே பொருள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், புளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் போட்டு, சிவப்பு முனையை பாடியில் வையுங்கள், 0.1-க்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் பம்ப்புக்கு பாடியில்தான் எர்த். அது பலவீனமாக இருந்தால், ஃபேன் ஓடும்போது பம்ப் தொய்ந்துபோகும். அந்த ஆல்டோ ஏசி போட்டதும் அணைந்தது இதனால்தான். எர்த் பட்டை இல்லாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் பேட்டரிக்குத் திரும்பும். கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உறை உருகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பட்டை மாட்டுமிடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்குங்கள்.

காற்றுக் கசிவில் ஒரு நுணுக்கம் உண்டு. மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டியில் இன்டேக் பக்கம் கசிந்தால் பெரும்பாலும் ஐடில் ஏறும், ஏறி இறங்கித் தள்ளாடும். காற்றின் அளவைக் குழாயிலேயே அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வண்டியில் அதே கசிவு அணைத்தேவிடும், ஏனென்றால் அந்தக் காற்று கணக்கில் வரவில்லை. பிரேக் மிதித்தால் மட்டும் தடுமாறினால் பிரேக் பூஸ்டர் ஹோஸ். மற்றபடி பிசிவி ஹோஸ் (கிராங்க் கேஸ் புகையை உள்ளே இழுப்பது), கேனிஸ்டர் பர்ஜ் ஹோஸ் (டேங்கின் பெட்ரோல் ஆவியை உள்ளே இழுப்பது), மேனிஃபோல்ட் பேக்கிங். பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருந்தால், அதற்கு மேல் தேட வேண்டாம், முதலில் அதை மாற்றுங்கள். ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் (ஈசிஎம் கூட்டிக் குறைக்கும் பெட்ரோலின் சதவீதம்) ஐடிலில் பிளஸ் 15, 20 என்று நின்று, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு வந்தால் கசிவு. ரேஸ் கொடுக்கக் கொடுக்க இந்த எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க வாட்டர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் தெளிக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு பிளக் வயர் கசிந்தால் வண்டி எரியும், பக்கத்தில் நிற்கும் பையனும் எரிவான். ஸ்மோக் டெஸ்டர் இல்லாவிட்டால், ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் இதமாக அழுத்தி ஐடில் மாறுகிறதா என்று பாருங்கள்.

மேப் சென்சாரையே சாட்சிக்கு அழைக்கலாம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் சென்னையில் 100 கேபிஏ (கிலோபாஸ்கல், அழுத்த அளவு) அளவில் காட்டும். ஊட்டியில் 77, 78-தான் காட்டும், அது கோளாறல்ல. சூடான ஐடிலில், ஏசி இல்லாமல், 30 முதல் 40-க்குள் வர வேண்டும். கசிவு எதுவும் இல்லாமல் 50 பக்கம் நின்றால், டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறதா என்று கவரைக் கழற்றிக் குறியைப் பாருங்கள். செகண்ட்ஸ் இன்ஜினுக்கு ஏற்றும் முன்பே புது பெல்ட் போட்டுவிடுவதுதான் முறை. அப்படிப் போட்டபோது தள்ளியிருக்கலாம்.

வண்டி நிற்பதற்காக மெதுவாகும்போது மட்டும் அணைகிறதா? கியர்பாக்ஸும் மாற்றினீர்களா என்று பாருங்கள். ஸ்பீட் சென்சார் சிக்னல் வராவிட்டால், வண்டி உருள்கிறதா நிற்கிறதா என்று ஈசிஎம்முக்குத் தெரியாது. ஸ்பீடோமீட்டர் முள் அசையாமல் இருப்பதே போதுமான தடயம்.

கார்பரேட்டர் வண்டியில் எம்பிஎஃப்ஐ இன்ஜின் ஏற்றியவர்களுக்கு: சிக்கல் டேங்கில் இருக்கிறது. பழைய டேங்கில் பம்பைச் சுற்றி பெட்ரோலைத் தேக்கிவைக்கும் அறை கிடையாது. கால் டேங்குக்குக் கீழே இறங்கியதும், வளைவில் பெட்ரோல் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடிக்கும், வண்டி அணையும். இருபது முப்பது நிமிடம் ஓடிய பிறகு அணைந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் டேங்க் வென்ட் அடைத்திருக்கிறது. பிரஷர் பெரும்பாலான எம்பிஎஃப்ஐ வண்டிகளில் 3 பார் அளவில் இருக்கும். சரியான எண்ணை அந்த மாடலின் மேனுவலில் பாருங்கள். பழைய கார்பரேட்டர் ரப்பர் ஹோஸை இந்தப் பிரஷரில் மாட்டாதீர்கள், வெடிக்கும்.

டீசலில் காரணங்கள் குறைவு. ஃபில்டரில் காற்று நின்றிருந்தால் கைப்பம்ப் அடித்து, குமிழி வருவது நிற்கும்வரை ஏர் எடுங்கள். காமன் ரெயில் (ஈசிஎம் இன்ஜெக்டர்களைக் கட்டுப்படுத்தும் டீசல்) இன்ஜினில் இன்ஜெக்டர் மாறியிருந்தால் அதன் மேல் அச்சிட்ட குறியீட்டு எண்ணை ஸ்கேனர் மூலம் ஈசிஎம்மில் ஏற்றுங்கள்.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கம் இன்னும் சாகவில்லை. நல்ல ஈசிஎம் போவது அப்போதுதான். மீட்டரை வையுங்கள், 13.8 முதல் 14.5 வந்தால் சார்ஜ் ஆகிறது. சாவி ஆனில் இருக்கும்போது ஈசிஎம் கனெக்டரைப் பிடுங்காதீர்கள்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கோ வேறெங்கோ இன்ஜின் எடுக்கப் போனால், சென்சார்கள், த்ராட்டில் பாடி, வயரிங் கனெக்டர்கள் வெட்டாமல் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்ஜின் நம்பருக்கு ரசீது கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி இன்ஜின் மாற்றம் ஆர்டிஓ பதிவுக்குப் போக வேண்டும். நம்பர் ஒத்துப்போகாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸில் அலைய வேண்டிவரும். அணைகிற வண்டியை "பார்த்து ஓட்டிக்கிறேன்" என்று பைபாஸில் எடுக்காதீர்கள். அணைந்ததும் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். பின்னால் வரும் லாரிக்கு இதெல்லாம் தெரியாது.

மெக்கானிக் தம்பிகளே, டெலிவரிக்கு முன் ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். ஏசி, ஹெட்லைட் போட்டு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி, நான்காவது கியரிலிருந்து கிளட்ச் மிதித்து உருட்டி நிறுத்துங்கள். சூட்டோடு அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகி, ஆக்ஸிலேட்டர் தொடாமலே அணையாமல் ஓடினால் சாவியைக் கொடுங்கள்.