இன்வெர்ஷன்: தலைகீழாகும் காற்று

குளிர்காலத்தில் காத்மாண்டுவின் காற்று கெட்டுவிட்டது என்று வரும் செய்திகளில் ‘இன்வெர்ஷன்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டும். அதற்கு என்ன பொருள் என்று மட்டும் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

வேர் லத்தீன். ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புதல். ‘இன்வெர்ட்டெரே’ என்றால் புரட்டுதல், கவிழ்த்தல். மின்சாரம் போனால் கைகொடுக்கும் இன்வெர்ட்டரும் இந்தக் குடும்பம்தான். அங்கே திரும்புவது மின்னோட்டம், வானிலையில் புரள்வது வெப்பநிலையின் வரிசை.

வழக்கமாக மேலே போகப் போகக் குளிர்தான். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். தரையருகே சூடான காற்று லேசாகி எழும், புகையும் அதோடு ஏறிக் கலைந்துவிடும். இன்வெர்ஷனில் குளிர்ந்த, கனத்த காற்று கீழேயும் வெப்பமான காற்று அதன் மேலேயும் இருக்கும். கீழ்க்காற்று எழ வழியில்லை. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி.

சமவெளியிலும் இது நடக்கும். ஆனால் பள்ளத்தாக்கு இதற்கென்றே செய்து வைத்த பாத்திரம். இரவில் மலைச்சரிவு குளிரும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, தண்ணீர் போலச் சரிவில் வழிந்து அடியில் தேங்கும். வெளிக்காற்று வந்து கலைக்கலாம் என்றால் சுற்றிலும் மலை மறிக்கும். கோடையில் வெயில் ஏறியதும் தரை சூடாகி மூடி உடைந்துவிடும். குளிர்காலத்தில் இரவு நீளம், வெயிலும் சாய்வு. தரையில் பனி உறைந்து கிடந்தால் வந்த கொஞ்ச வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் நாள்கணக்கில் மூடி திறக்காது.

காத்மாண்டு சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே உள்ள கிண்ணம். செங்கல் சூளைகள் எரிவதும் மழையில்லாத இதே மாதங்களில்தான். ஜூன் வாக்கில் பருவமழை வந்தால்தான் காற்று கழுவப்படும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரத்துக்குப் பருவத்துக்கு ஒரு தொல்லை: குளிர்காலத்தில் இந்த மூடி, மார்ச் முதல் மே வரை சுள்ளென்ற வெயிலில் தரையருகே உருவாகும் ஓசோன் என்ற நச்சு வாயு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியிலோ இன்வெர்ஷன் என்பது வீட்டுப்பேச்சிலேயே புழங்கும் சொல். மூடி உயிரையும் வாங்கியிருக்கிறது. 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் ஆலைப்புகை தேங்கி 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 1948 அக்டோபரில் பென்சில்வேனியாவின் டொனோராவில் 20 பேர்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘வெப்பத் தலைகீழாக்கம்’, ‘வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம்’ என இரண்டு வடிவங்கள் உண்டு. ‘ஆக்கம்’ என்றதும் யாரோ செய்தது போல ஒலிக்கிறது. தானாக நடப்பதற்கு ‘மாற்றம்’ பொருத்தம் என்பது என் கருத்து. ‘வெப்பம்’ என்பதைவிட ‘வெப்பநிலை’ துல்லியம். மூடியாக நிற்கும் அந்தக் காற்றைத் ‘தலைகீழ் அடுக்கு’ என்றால் போதும்.

நம் அகப்பொருள் இலக்கணம் மலைநிலமான குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வைத்தது; சிறுபொழுது யாமம். மலை, குளிர்காலம், நள்ளிரவு: தலைகீழ் அடுக்கு இறுகும் இடமும் நேரமும் அதுவேதான். தற்செயல்தான், ஆனாலும் படிக்கும்போது சிரிப்பு வருகிறது.

இந்தச் சொல்லுக்குப் பதிலாகப் ‘புகைமூட்டம்’ என்று போடுவதும் சரியில்லை. புகைமூட்டம் கண்ணுக்குத் தெரியும் விளைவு. தலைகீழ் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத காரணம். புகையே இல்லாத மலையிடுக்கிலும் அது நடக்கும். இதைவிடப் பெரிய குழப்பம் ‘வெப்பச்சலனம்’. இடிமழைச் செய்திகளில் கேட்டுப் பழகிய அந்தச் சொல், சூடான காற்று மேலெழுவதைக் குறிப்பது. தலைகீழ் அடுக்கு தடுப்பதே அதைத்தான். ‘வெப்பச்சலனத்தால் பள்ளத்தாக்கில் புகை தேங்கியது’ என்று எழுதினால் பொருளும் தலைகீழாகிவிடும்.