எரேசர் ஏன் வெள்ளை பூசுகிறது? கிம்ப்பில் ஒளிபுகும் படங்கள்

கிம்ப்பில் ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து பின்னணியை எரேசரால் தேய்த்தால், ஒளிபுகும் இடத்தைக் காட்டும் சாம்பல் கட்டங்கள் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை நிறம் வந்து உட்காரும். படங்களைத் திருத்தும் இந்த இலவச மென்பொருளுக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். கோளாறு எரேசரில் இல்லை, படம் சேமிக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

சாதாரண 8 பிட் வண்ணப் படத்தில் ஒரு பிக்சல் (படத்தின் மிகச் சிறு புள்ளி) என்பது மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அந்த இடம் எவ்வளவு ஒளிபுகும் என்பதைச் சொல்ல நான்காவது எண் ஒன்று வேண்டும். அதன் பெயர் ஆல்ஃபா. ஜேபெக்கில் அதற்கு இடமே கிடையாது. ஆல்ஃபா இல்லாத லேயரில் (படத்தின் அடுக்கில்) 'இங்கே எதுவும் இல்லை' என்று குறித்துவைக்க வழியில்லாததால், எரேசர் கருவிப்பெட்டியில் உள்ள பின்னணி நிறத்தைப் பூசிவிடுகிறது. லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதற்குள் ஆட் ஆல்ஃபா சேனல் என்பதை அழுத்திவிட்டுத் தேய்த்துப் பாருங்கள், கட்டங்கள் தெரியும்.

அடுத்த சிக்கல் விளிம்பு. ஒத்த நிறமுள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்கும் ஃபஸ்ஸி செலக்ட் கருவியால் வெள்ளைப் பின்னணியைத் தேர்ந்தெடுத்து நீக்கினால், உருவத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு மிஞ்சும். விளிம்புப் பிக்சல்கள் முழுக்க உருவமும் இல்லை, முழுக்கப் பின்னணியும் இல்லை, இரண்டின் கலவை. எவ்வளவு நிற வேறுபாடு வரை சேர்த்துக்கொள்வது என்பதைச் சொல்லும் திரெஷோல்ட் அளவைக் கூட்டினால் கோடு குறையும், ஆனால் உருவத்தின் வெளிர்நிறப் பகுதிகளும் சேர்ந்து போய்விடும். பின்னணியை நீக்கும் முன் செலக்ட் மெனுவின் குரோ மூலம் தேர்வை 1 பிக்சல் விரிப்பது எளிய வைத்தியம்.

கையெழுத்து, கோட்டோவியம் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி கலர்ஸ் மெனுவில் உள்ள கலர் டு ஆல்ஃபா. எனக்குக் கிம்ப்பில் மிகவும் பிடித்த வசதி இது. தேர்ந்தெடுத்த நிறம் ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அந்தப் பங்கை மட்டும் ஆல்ஃபாவாக மாற்றுகிறது. வெள்ளைத் தாளில் இழுத்த கறுப்புக் கோட்டின் ஓரத்துச் சாம்பல் பிக்சல், அரைகுறையாக ஒளிபுகும் கறுப்பாகிவிடும். பிறகு அதை எந்த நிறத்தின்மேல் வைத்தாலும் ஓரம் இயல்பாக இருக்கும். முகங்கள் உள்ள புகைப்படத்தில் அப்படியே இதைப் பயன்படுத்தாதீர்கள். கண்ணின் வெள்ளையும் பல்லின் வெள்ளையும் கூடவே கரையும். முதலில் பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஜேபெக்காக ஏற்றுமதி செய்தால் வீண். ஆல்ஃபா தொலைந்து, பின்னணி நிறம் திரும்பி வரும். பிஎன்ஜி அல்லது வெப்பி (WebP) வடிவம்தான் இதற்கு ஏற்றது. ஜிஃபும் ஒளிபுகும் இடங்களை வைத்திருக்கும் என்றாலும், அதில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும். இடைநிலை கிடையாததால் வளைவுகள் படிக்கட்டாக உடையும். லேயர்களோடு வேலையைப் பின்னாளில் தொடர வேண்டுமானால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து 'சேவ்' கட்டளை இந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கிறது. மற்றவை எல்லாம் 'எக்ஸ்போர்ட்'.

தூரிகையை இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் வேறு எங்கோ ஒரு சிறு தேர்வு விடுபட்டுக் கிடக்கும். தேர்வுக்கு வெளியே எந்தத் தூரிகையும் வேலை செய்யாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேர்வு நீங்கும். அப்போதும் நிறம் வரவில்லையா? லேயர் பட்டியலில் எந்த லேயர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். மேலே உள்ள லேயர் மறைத்துக்கொண்டிருக்க, நீங்கள் கீழே உள்ளதில் வரைந்துகொண்டிருக்கலாம்.